காட்டே எதற்காகத் தலை வெட்டப்பட்டார்?

கேள்வி இதுதான்: "பிரஷ்யாவின் மகா ஃபிரெடரிக் இளவரசராக இருந்தபோது, அவருடைய காதலனை அப்பாவே பிடித்து, மகன் கண் முன்னால் தலையை வெட்டவைத்தார் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். இது உண்மையா? யார் அந்தப் பையன்?" இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அவர் யார் என்பது ஒன்று. என்ன குற்றத்துக்காகச் செத்தார் என்பது இரண்டாவது. காதல், கண் முன்னால் கொலை என்று காணொளி சொன்னதில் எவ்வளவு நிஜம் என்பது மூன்றாவது. ராணுவ நீதிமன்ற வழக்குகளில் வாதாடுவதுதான் என் தொழில். நீதிமன்றம் கொடுத்த தண்டனையை மேலே இருப்பவர் கூட்டிய பழைய வழக்குகளைத் தேடிப் படித்தபோதுதான் இந்த வழக்கு எனக்கு அறிமுகம். அதனால் காதல் கதையை விட வழக்குக் கட்டுதான் என்னை அதிகம் இழுத்தது. பதிலும் அந்தப் பக்கமாகவே சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் ஹான்ஸ் ஹெர்மன் ஃபான் காட்டே. 1704 பிப்ரவரி 28 அன்று, பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் தலைநகர் பெர்லினில் பிறந்தார். 1730 நவம்பர் 6 அன்று இறக்கும்போது வயது 26. அப்பா ஹான்ஸ் ஹைன்ரிஷ் பிரஷ்ய ராணுவத்தில் குதிரைப்படைத் தளபதி. அம்மாவின் அப்பா வார்டன்ஸ்லேபன், அதே ராணுவத்தின் ஃபீல்டு மார்ஷல். இரண்டு பக்கமும் வாள் பிடித்த குடும்பம். ஆனால் பையனின் மனம் படிப்பில் இருந்தது. கோனிக்ஸ்பர்கிலும், ஹாலந்தில் யூட்ரெக்டிலும் சட்டமும் பிரெஞ்சும் படித்தார். படித்து என்ன பயன்? அப்போதைய மன்னர் முதலாம் ஃபிரெடரிக் வில்லியமின் நாட்டில் பிரபு வீட்டுப் பிள்ளை முன்னேற வேண்டும் என்றால் சீருடை போட்டாக வேண்டும். படித்தவர்களை மன்னர் மதித்ததில்லை. காட்டேயும் பெர்லினில் இருந்த ஜான் தார்ம் என்ற குதிரைப்படை ரெஜிமென்டில் சேர்ந்து லெப்டினன்ட் ஆனார். அது சாதாரண ரெஜிமென்ட் அல்ல. மன்னருக்கு நெருக்கமான, பேர்பெற்ற படை. பின்னால் அவர் கழுத்துக்குக் கத்தி வந்ததே அந்த நெருக்கத்தைச் சொல்லித்தான். அம்மைத் தழும்பு விழுந்த முகம், அடர்ந்த கறுத்த புருவம் என்று இளவரசரின் அக்கா வில்ஹெல்மினே அவரை வர்ணிக்கிறார். அந்த அம்மாளுக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இளவரசர் ஃபிரெடரிக் 1712இல் பிறந்தவர். காட்டேயை விட எட்டு வயது இளையவர். கணிதம், இயந்திரவியல் பாடம் கேட்கும் இடத்தில் 1729 வாக்கில் இருவரும் நெருங்கினார்கள். இருவருக்கும் புல்லாங்குழல் பிடிக்கும், கவிதை பிடிக்கும், பிரெஞ்சு பிடிக்கும். இதில் ஒன்றுகூட அப்பாவுக்கு ஆகாது. ஃபிரெடரிக் வில்லியம் சிக்கனமும் பக்தியும் முரட்டுத்தனமும் ஒன்றாகச் சேர்ந்த மனிதர். கஜானாவைப் பைசா பைசாவாக நிரப்பி, அதை ராணுவத்தில் கொட்டினார். அவர் பட்டத்துக்கு வந்தபோது ஏறக்குறைய 40,000 பேர் இருந்த படை, அவர் சாகும்போது 80,000 பேரைத் தொட்டது. உயரமான ஆட்களை ஐரோப்பா முழுக்கத் தேடிப் பிடித்து ஒரு தனிப் படையே வைத்திருந்தார். மகன் புத்தகமும் குழலுமாகத் திரிவதைப் பார்த்தாலே அவருக்கு ரத்தம் கொதிக்கும். பிரம்பால் அடிப்பார், அதுவும் தனியாக அல்ல, நாலு பேர் பார்க்க. 1730 கோடையில் சாக்சனியில் சைட்ஹைன் என்ற இடத்தில் பெரிய ராணுவ முகாம் நடந்தது. வெளிநாட்டு விருந்தினர்கள் கூடியிருந்த அந்த இடத்திலும் மகனை அடித்தார். அடித்துவிட்டு, "என் அப்பா என்னை இப்படி அடித்திருந்தால் நான் சுட்டுக்கொண்டு செத்திருப்பேன், உனக்கு மானமே இல்லை" என்கிற பாணியில் பேசுவாராம். பதினெட்டு வயதுப் பையன் ஓடிவிட முடிவு செய்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இங்கே அரசியலும் கலந்திருந்தது. இளவரசரின் அம்மா சோஃபியா டோரதேயா இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜின் தங்கை. தன் மகனையும் மகளையும் இங்கிலாந்து அரச குடும்பத்தில் கொடுத்து வாங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மன்னரோ ஆஸ்திரியப் பேரரசர் பக்கம் சாய்ந்தவர். 1730 ஜூலையில் அந்தக் கல்யாணப் பேச்சு கசப்பில் முறிந்தது. ஓடிப்போய் இங்கிலாந்தில் அடைக்கலம் கேட்கலாம் என்பது இளவரசரின் கணக்கு. பெர்லினில் இருந்த ஆங்கிலத் தூதர் தரப்போடு பேசும் வேலை காட்டேயிடம் வந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மன்னர் பார்வையில் இது வீட்டை விட்டு ஓடும் பையன் கதை அல்ல. பட்டத்து இளவரசர் அந்நிய நாட்டின் கைக்குப் போகும் சதி. போதாததற்கு இளவரசர் ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னல் பதவியில் இருந்தவர். எல்லை தாண்டினால் அது படையை விட்டு ஓடிய குற்றம்.

திட்டம் என்று பார்த்தால் படு பலவீனம். மன்னர் தென் ஜெர்மனிக்குச் சுற்றுப்பயணம் போகும்போது இளவரசரும் கூடப் போவார். வழியில் நழுவி பிரான்சுக்குள் நுழைந்து, அங்கிருந்து இங்கிலாந்து. காட்டே ஆள்சேர்ப்பு வேலை என்று சொல்லி விடுப்பு வாங்கி வெளியே வந்து சேர்ந்துகொள்வார். பணமும் கடிதங்களும் காட்டேயின் பொறுப்பில். ஆனால் அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அப்போதாவது இளவரசர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு சின்ஸ்ஹைம் பக்கத்தில் ஷ்டைன்ஸ்ஃபுர்ட் என்ற கிராமத்தில் தங்கினார்கள். விடிவதற்கு முன்பே இளவரசர் எழுந்து, இதற்கென்றே தைத்து வைத்திருந்த சிவப்பு மேலங்கியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து குதிரைக்காகக் காத்து நின்றார். குதிரை கொண்டுவர வேண்டியவன் கைத் என்ற பணியாள் சிறுவன். காவலுக்கு இருந்த கர்னல் ரோஹோவ் அதற்குள் எழுந்து வந்துவிட்டார். அவ்வளவுதான், தப்பிக்கும் முயற்சி அந்த இடத்திலேயே முடிந்தது. ஒரு அடிகூட ஓடவில்லை. ஒன்றிரண்டு நாளில் அந்தச் சிறுவன் பயந்துபோய் மன்னர் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். காட்டேயின் பெயர் வெளிவந்ததற்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள். இளவரசர் காட்டேக்கு எழுதிய ஒரு கடிதம், எர்லாங்கனில் இருந்த இன்னொரு காட்டேயின், அதாவது உறவுக்கார அதிகாரி ஒருவரின், கைக்குப் போய்ச் சேர்ந்து, அவர் அதை மேலே அனுப்பிவிட்டார் என்று.

செய்தி பெர்லினுக்கு வருவதற்கும் ஆகஸ்ட் 16 அன்று காட்டே கைதாவதற்கும் நடுவே அவர் ஏன் ஓடவில்லை? இது எல்லோரும் கேட்கும் கேள்வி. சேணம் தைத்து வரத் தாமதமானது, ஒரு பெண்ணைப் பார்க்கப் போனார், கைது செய்ய வேண்டிய மேலதிகாரிகளே வேண்டுமென்று சில மணி நேரம் இழுத்தடித்து "இன்னும் இங்கேயா இருக்கிறீர்கள்" என்று கண் காட்டினார்கள் என்றெல்லாம் கதைகள் உண்டு. இவை பெரும்பாலும் பிற்கால நினைவுக் குறிப்புகளிலிருந்து வருபவை. நான் இவற்றில் எதன் மீதும் பாரம் ஏற்ற மாட்டேன். அதே சமயம் வெசெல் நகரில் இருந்த பீட்டர் கைத், அந்தப் பணியாள் சிறுவனின் அண்ணன், தகவல் கிடைத்த உடனே ஹாலந்து வழியாக இங்கிலாந்துக்குத் தப்பிவிட்டார். ஆள் கிடைக்காததால் அவருடைய உருவப் படத்தைத் தூக்கில் போட்டார்கள். தப்பியவர் பிழைத்தார், நின்றவர் செத்தார் என்பது மட்டும் நிச்சயம்.

மன்னர் பெர்லின் திரும்பியதும் தன் முன்னால் கொண்டுவரப்பட்ட காட்டேயைக் கையாலும் பிரம்பாலும் அடித்து, அவர் அணிந்திருந்த புனித யோவான் சபைச் சிலுவையைப் பிடுங்கி எறிந்தார் என்று வில்ஹெல்மினே எழுதுகிறார். மன்னரின் சுபாவத்துக்கு இது பொருந்தும் என்பதால் பலர் ஏற்கிறார்கள். விசாரணையைப் பொறுத்தவரை நம் கையில் உறுதியான ஆவணம் இருக்கிறது. இளவரசரிடம் செப்டம்பரில் 185 கேள்விகள் கேட்கப்பட்டன. கடைசிக் கேள்விகள் சிலவற்றை மன்னரே சேர்த்தார். பட்டத்துக்கு வரும் தகுதி தனக்கு உண்டு என்று நினைக்கிறாரா? உயிர்ப்பிச்சை வேண்டுமா, வேண்டாமா? உயிர் பிழைக்க வாரிசுரிமையை விட்டுக்கொடுப்பாரா? பதினெட்டு வயதுப் பையன் இவற்றுக்கு நிதானமாகப் பதில் சொன்னதைப் படிக்கும்போது, பின்னாளில் ஐரோப்பாவை ஆட்டிவைத்த அந்த ஆளின் சாயல் அப்போதே தெரிகிறது. காட்டேயும் எதையும் மறைக்கவில்லை. திட்டம் தெரியும், உதவ ஒத்துக்கொண்டேன், ஆனால் இளவரசர் உண்மையில் கிளம்புவார் என்று நம்பவில்லை, தடுக்கத்தான் பார்த்தேன் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அக்டோபர் 25 அன்று பெர்லினை அடுத்த கோப்பெனிக் அரண்மனையில் ராணுவ நீதிமன்றம் கூடியது. தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் ஆஹாட்ஸ் ஃபான் டெர் ஷூலன்பர்க், முதிர்ந்த போர்வீரர். அவருக்குக் கீழே மூன்று மேஜர் ஜெனரல்கள், மூன்று கர்னல்கள், மூன்று லெப்டினன்ட் கர்னல்கள், மூன்று மேஜர்கள், மூன்று கேப்டன்கள். ஒவ்வொரு பதவிக் குழுவும் தனியாக உட்கார்ந்து பேசி, ஒரே கருத்தாக எழுத்தில் கொடுக்க வேண்டும். தலைவர் தன் கருத்தைத் தனியாகக் கொடுப்பார். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். கேப்டன்கள் ஜெனரல் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. இன்று நம் ராணுவ நீதிமன்றங்களிலும் பதவியில் இளையவரிடமிருந்துதான் கருத்துக் கேட்கத் தொடங்குவார்கள், காரணம் அதேதான். பெரியவர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் சின்னவர் மாற்றிச் சொல்லத் தயங்குவார்.

முதல் முடிவு, இளவரசரைப் பற்றியது. மன்னர் தன் மகனைத் தண்டிக்கும் விஷயத்தில் தீர்ப்புச் சொல்லத் தங்களுக்கு அதிகாரம் இல்லை, அது அரச குடும்பத்து விவகாரம் என்று நீதிமன்றம் கை விரித்துவிட்டது. நழுவல் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மன்னர் என்ன எதிர்பார்க்கிறார் என்று தெரிந்திருந்தும் அதைச் செய்ய மறுத்தது அது. காட்டே விஷயத்தில் குழுக்கள் பிளந்தன. சிலர் மரணம் என்றார்கள், சிலர் ஆயுள் முழுக்கக் கோட்டைச் சிறை என்றார்கள். ஷூலன்பர்க் சிறைப் பக்கம் நின்றார். தீர்ப்பு ஆயுள் சிறை என்று வந்தது. அடிப்படை எளிமையானது: திட்டம் போட்டது நிரூபணம், ஓடியது இல்லை. காட்டே ரெஜிமென்டை விட்டு ஒரு நாள்கூட விலகவில்லை. நினைத்ததற்கும் செய்ததற்கும் தண்டனையில் வித்தியாசம் வேண்டும் என்று அந்த அதிகாரிகள் கருதினார்கள். 1730இல், அந்த மன்னருக்குக் கீழே, இது சின்ன விஷயம் இல்லை.

மன்னர் தீர்ப்பை ஏற்கவில்லை. நீதி சொல்லுங்கள், தூசி தட்டுவதுபோல மேலோட்டமாகத் துடைத்துவிட்டுப் போகாதீர்கள் என்கிற பொருளில் எழுதித் திருப்பி அனுப்பினார். நீதிமன்றம் மறுபடி கூடியது, மறுபடியும் அதே தீர்ப்பைச் சொன்னது. மீண்டும் யோசித்துப் பார்த்தும் தன் மனசாட்சிக்கு விரோதமாக மாற்ற முடியாது என்று ஷூலன்பர்க் எழுதிக் கொடுத்தார். இந்த முழுக் கதையிலும் நான் மிக மதிக்கும் இடம் இதுதான். அவரும் மன்னரின் ஊழியர்தான். சம்பளம், பதவி, மரியாதை எல்லாம் அந்த ஒரே கையிலிருந்து வந்தவைதான்.

நவம்பர் 1 அன்று மன்னர் தானே உத்தரவு எழுதினார். அந்த உத்தரவு முழுசாக நம்மிடம் இருக்கிறது, படிக்க வேண்டிய ஆவணம். காட்டே மன்னருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட ஜான் தார்ம் ரெஜிமென்ட் அதிகாரி; மன்னரையும் அவர் வீட்டையும் காக்க வேண்டியவர். அப்படிப்பட்டவரே நாளைக்கு உதிக்கப்போகும் சூரியனோடு, அதாவது பட்டத்து இளவரசரோடு, சேர்ந்து, அந்நியத் தூதர்களோடு பேசிச் சதி செய்தால், இனி எந்த அதிகாரியை நம்புவது என்று கேட்கிறார். நியாயப்படி காட்டேயைச் சூடேற்றிய இடுக்கியால் கிழித்துத் தூக்கில் போட வேண்டும், ஆனால் குடும்பத்தை உத்தேசித்து வாளால் தலையை வெட்டினால் போதும் என்கிறார். சிறுவயதில் பள்ளியில் தான் படித்தது, "உலகமே அழிந்தாலும் நீதி நடக்கட்டும்" என்ற லத்தீன் வாசகம் என்கிறார். கடைசியாக, தீர்ப்பைக் காட்டேயிடம் வாசிக்கும்போது, மன்னருக்கு வருத்தம்தான், ஆனால் நீதி உலகத்தை விட்டுப் போவதை விட அவர் சாவது மேல் என்று சொல்லச் சொல்கிறார்.

இது அன்றைய சட்டப்படி செல்லுமா என்று கேட்டால், செல்லும். பிரஷ்யாவில் ராணுவத் தீர்ப்பை உறுதிசெய்யும் அதிகாரம் மன்னருடையது. குறைக்கவும் கூட்டவும் அவரால் முடிந்தது, பல வழக்குகளில் செய்தும் இருக்கிறார். சட்டத்தை மீறிய கொலை என்று எழுதுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இன்றைய நிலை வேறு. நம் இந்தியாவின் 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின்படி, உறுதிசெய்யும் அதிகாரி தீர்ப்பை மறுபரிசீலனைக்கு ஒரே ஒரு முறை திருப்பி அனுப்பலாம். தண்டனையைத் தன் கையால் குறைக்கலாம். தன் கையால் கூட்டி எழுத முடியாது. இந்தக் கட்டுப்பாடு எதற்கு என்று இளம் வழக்கறிஞர்கள் கேட்டால் நான் காட்டே வழக்கைத்தான் படிக்கச் சொல்வேன். மன்னரின் வாதத்தில் அர்த்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மெய்க்காவலுக்கு நெருக்கமான ஒரு அதிகாரி வாரிசோடு ரகசிய ஒப்பந்தம் போடுவது எந்த நாட்டிலும் பெரிய குற்றம்தான். ஆனால் ஆதாரத்தைக் கேட்டவர்கள், சாட்சியை எடை போட்டவர்கள், இரண்டு முறை "சிறை போதும்" என்றார்கள். கேட்காத ஒருவர், அதுவும் மகன் மீது கொதித்துக்கொண்டிருந்த ஒருவர், "சாவு" என்று எழுதினார். என்னால் அதை நீதி என்று சொல்ல முடியவில்லை.

இப்போது நீங்கள் கேட்ட காதல். நேர்மையாகச் சொன்னால், நிரூபணம் இல்லை, மறுக்கவும் வழியில்லை. ஃபிரெடரிக் ஆண்களிடம் ஈடுபாடு உள்ளவர் என்று அவர் காலத்திலேயே பேச்சு இருந்தது. கொஞ்சகாலம் அவரோடு இருந்த பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் பின்னாளில் வெளிப்படையாகவே எழுதினார். இன்றைய வரலாற்றாசிரியர்களில் பலர் அதை ஏற்கிறார்கள். திருமணம் 1733இல் அப்பாவின் கட்டாயத்தில் நடந்தது, குழந்தை இல்லை, பட்டத்துக்கு வந்தபின் மனைவியோடு சேர்ந்து வாழவும் இல்லை. ஆனால் இதெல்லாம் ஃபிரெடரிக்கைப் பற்றிய சாட்சி. காட்டேயோடு உடல் உறவு இருந்தது என்பதற்குச் சாட்சி அல்ல. இருவரும் ஒருவரை ஒருவர் ஆழமாக நேசித்தார்கள் என்பது வரை போகலாம். அதற்கு மேல் போகிறவர் ஊகிக்கிறார். வழக்கைப் பொறுத்தவரை இதைவிடத் தெளிவான ஒன்று இருக்கிறது: காட்டே மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு அது அல்ல. கோப்பெனிக் தீர்ப்பும் மன்னரின் உத்தரவும் படையை விட்டு ஓடும் சதியையும் ராஜத் துரோகத்தையும்தான் பேசுகின்றன. "காதலனாக இருந்ததற்காகக் கொன்றார்" என்ற வரிக்கு ஆவணத்தில் இடமில்லை.

நவம்பர் 3 அன்று மேஜர் ஷாக் தலைமையில், தன் சொந்த ரெஜிமென்ட் வீரர்களின் காவலில், காட்டே பெர்லினிலிருந்து கிளம்பினார். ஓடர் நதிக்கரையில் இருந்த கூஸ்ட்ரின் கோட்டைக்கு 5ஆம் தேதி வந்து சேர்ந்தார்கள். இளவரசரை அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள். வழியெல்லாம் பாதிரியார் முல்லர் கூட இருந்தார். ஷாக் எழுதி வைத்த குறிப்பு ஒரு போர்வீரர் எழுதியதுபோலவே அலங்காரமில்லாமல் இருப்பதால் அதை நான் அதிகம் நம்புகிறேன். 6ஆம் தேதி காலை, வெட்டும் இடத்துக்கு நடந்து வந்தார் காட்டே. தீர்ப்பை வாசித்தார்கள். தோழர்களிடம் விடைபெற்றார். பொய்முடியைக் கழற்றிவிட்டு வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டார், மேல்சட்டையைக் கழற்றினார், கழுத்துப் பக்கத்தைத் தானே விலக்கிக்கொண்டார். கண்ணைக் கட்ட வேண்டாம் என்றார். மணல் குவித்திருந்த இடத்தில் முழங்காலிட்டு ஆண்டவரை அழைத்தார். ஒரே வெட்டு. உடல் மேல் துணி போர்த்தினார்கள். மதியம் இரண்டு மணி வரை அங்கேயே கிடக்க வேண்டும் என்பதும் மன்னர் உத்தரவு.

இளவரசர் பார்த்தாரா? பார்க்க வைக்க வேண்டும் என்று மன்னர் உத்தரவிட்டது நிச்சயம். இளவரசர் அறையின் ஜன்னலுக்கு முன்னால், அங்கே இடம் போதாவிட்டால் நன்றாகத் தெரியும் வேறு இடத்தில் என்று கோட்டைத் தளபதி லேபலுக்கு எழுத்திலேயே போனது. விடியற்காலையில் இளவரசரை எழுப்பிச் செய்தியைச் சொன்னார்கள். காட்டே கடந்து போகும்போது ஜன்னலிலிருந்து பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார். மன்னிக்க ஒன்றுமே இல்லை, உங்களுக்காகச் சந்தோஷமாகச் சாகிறேன் என்று காட்டே பதில் சொன்னார். இந்தப் பரிமாற்றம் நடந்தது என்பதில் பெரிய சந்தேகமில்லை. துல்லியமான வார்த்தைகள் ஒவ்வொரு குறிப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் மாறுகின்றன. அப்புறம்தான் சிக்கல். வாள் விழும் முன்பே இளவரசர் மயங்கி விழுந்தார் என்பவர்கள் உண்டு. வெட்டிய இடமே அந்த ஜன்னலிலிருந்து தெரியாது, கோட்டைக் கொத்தளத்தின் மூலை மறைக்கும் என்று இடத்தை அளந்து வாதாடியவர்களும் உண்டு. இனி போய்ச் சரிபார்க்கவும் வழியில்லை. கூஸ்ட்ரின் இப்போது போலந்தில் கோஸ்ட்சின் என்ற பெயரில் இருக்கிறது. 1945 போரில் பழைய நகரமும் அரண்மனையும் தரைமட்டமாகி, இன்று மிஞ்சியிருப்பது அடித்தளக் கற்களும் படிகளும் கோட்டைச் சுவர்களும். ஆகவே "கண் முன்னால்" என்பதை, தலை விழுவதைக் கண்ணால் கண்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நண்பனைக் கடைசியாகப் பார்த்தார், எதற்காகக் கூட்டிப்போகிறார்கள் என்று தெரிந்து நின்றார் என்பது உறுதி. அதுவே போதுமான கொடுமை.

காணொளிகளில் வராத ஒரு பெயரையும் சொல்லிவிடுகிறேன்: டோரிஸ் ரிட்டர். போட்ஸ்டாமில் ஒரு ஆசிரியரின் மகள், பதினாறு வயதுக்காரி. இளவரசரோடு சேர்ந்து இசை வாசித்ததைத் தவிர அவள் வேறு எதுவும் செய்யவில்லை. அவளை நகர மன்றத்துக்கு முன்னாலும், அப்பா வீட்டுக்கு முன்னாலும், தெரு முனைகளிலும் சாட்டையால் அடித்து, ஸ்பாண்டாவில் நூல் நூற்கும் சிறைக்கு ஆயுளுக்கும் என்று அனுப்பினார்கள். 1733இல்தான் விடுதலை. காட்டேக்காவது நீதிமன்றம் கூடியது. இந்தப் பெண்ணுக்கு அதுகூட இல்லை. நீதி உலகத்தை விட்டுப் போகக்கூடாது என்று எழுதிய அதே பேனா இதையும் எழுதியது என்பதால் இவளை விட்டுவிட்டு இந்த வழக்கைப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

இளவரசர் நவம்பர் 19 அன்று அப்பாவுக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்து சிறையிலிருந்து வெளியே வந்தார். கூஸ்ட்ரினிலேயே வருவாய்த் துறை அலுவலகத்தில் எழுத்தர் வேலைபோல நிர்வாகம் கற்றுக்கொள்ள வைத்தார்கள். 1740இல் பட்டத்துக்கு வந்த வருஷமே காட்டேயின் அப்பாவை ஃபீல்டு மார்ஷலாக உயர்த்தி, கவுண்ட் என்ற பிரபுப் பட்டமும் கொடுத்தார். மகனைக் கொன்ற மன்னருக்குக் கீழே பத்து வருஷம் வாய் திறக்காமல் வேலை பார்த்த மனிதர் அவர். அடுத்த வருஷமே இறந்துபோனார். தப்பிப்போன பீட்டர் கைத்தும் திரும்பி வந்து பதவி பெற்றார், ஆனால் அவர் எதிர்பார்த்த அளவு நெருக்கம் கிடைக்கவில்லை. அதே 1740இல், ஆட்சிக்கு வந்த சில நாட்களிலேயே, ஃபிரெடரிக் விசாரணைச் சித்திரவதையைச் சில பெருங்குற்றங்கள் தவிர மற்றவற்றுக்கு நிறுத்தினார். இதைக் காட்டேயோடு முடிச்சுப் போடுபவர்கள் உண்டு. எனக்கும் அப்படி நம்ப ஆசைதான், ஆனால் அந்தக் கால ஐரோப்பாவில் அந்தச் சிந்தனை வேறு வழிகளிலும் பரவிக்கொண்டிருந்தது. அதனால் நான் அந்த முடிச்சைப் போட மாட்டேன்.

காட்டேயின் உடல் பின்னால் குடும்பத்தின் சொந்தக் கிராமமான வூஸ்டில், தேவாலயத்தை ஒட்டிய குடும்பக் கல்லறையில் வைக்கப்பட்டது. ஜெர்மனியில் ஜெரிகோவ் நகரத்துப் பக்கம் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம். மேலே படிக்க வேண்டும் என்றால் வரிசை முக்கியம். முதலில் கோப்பெனிக் குழுக்கள் எழுதிக் கொடுத்த கருத்துகள், அப்புறம் நவம்பர் 1 உத்தரவு, அப்புறம் மேஜர் ஷாக்கின் குறிப்பு. வில்ஹெல்மினேயின் நினைவுகளைக் கடைசியாக எடுங்கள். சுவாரசியம் அங்கேதான் அதிகம். ஆனால் அவர் அதை எழுதியது பல வருஷம் கழித்து, அப்பா மீது ஆறாத கோபத்தோடு. முதலில் அதைப் படித்துவிட்டால் மற்றதெல்லாம் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் தெரியும்.